80-ஐத் தாண்டினால் கார் உதறுகிறதா?

நம் ஊரிலிருந்து நாமக்கல் போனாலும் கரூர் போனாலும் 44-ஆம் எண் நான்கு வழிச்சாலைதான். ஊருக்குள் ஒழுங்காக ஓடும் கார், அதில் ஏறி 80-ஐத் தாண்டியதும் உதறும். 'ரோடு சரியில்லை' என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் உட்காரும் வண்டி அது.

உதறல் எங்கே தெரிகிறது என்று முதலில் கவனியுங்கள். ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம். 80-க்கும் 110-க்கும் இடையில் மட்டும் வந்தால் வீல் பேலன்சிங்கைச் சந்தேகிக்கலாம். ரிம்மில் பொருத்திய சிறு வெயிட் கழன்று விழுந்திருக்கும். வாழைத்தோப்பு, கொடிக்கால் பக்கம் போய்வந்த காரில் ரிம்முக்கு உட்புறம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலும் இதே ஆட்டம்தான். முதலில் கழுவிப் பாருங்கள், காசு மிச்சம்.

வெறும் 20 கிராம் வித்தியாசம் 100 கி.மீ. வேகத்தில் சுமார் 3 கிலோ இழுப்பாக மாறி, நொடிக்கு 15 முறை சக்கரத்தைக் குலுக்கும். வேகம் பாதியானால் அந்த இழுப்பு கால்பங்காகிவிடும். ஊருக்குள் தெரியாமல் போவது இதனால்தான்.

இதற்கு அலைன்மென்ட் செய்து பயனில்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோதான் அது. கடையில் எது வேண்டும் என்று நீங்களே தெளிவாகச் சொல்லுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் டிஸ்க். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை முறுக்கினாலும் அதிர்ந்தால் சக்கரத்தில் குறையில்லை. எஞ்சினையும் அதன் மவுண்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுப் போகும் காரில், டயர் தரையில் பதிந்த இடம் தட்டையாகிவிடும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சரியானால் கவலையில்லை. சரியாகாவிட்டால் டயரை மாற்றத்தான் வேண்டும். பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் அந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏறவே வேண்டாம். வேகத்தில் வெடிப்பது இப்படிப்பட்ட டயர்தான். டயரின் வயதை அதிலுள்ள நான்கு இலக்க எண் சொல்லும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது.

பஞ்சர் ஒட்டி மாட்டியபின் திடீரென உதறல் வந்து, போகப்போகக் கூடினால், வீடு போய்ப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே ஓரங்கட்டி, சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.