கான்கிரீட் சுவரில் கறை: எதற்கு அஞ்ச வேண்டும்?

கான்கிரீட் சுவரில் தெரியும் கறைகளில் நம்மவர்கள் அதிகம் பயப்படுவது வெள்ளைப் பூப்புக்கு. "கடல் மணலைக் கலந்துவிட்டார்கள், அந்த உப்புதான் வெளியே வருகிறது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கடலுப்பே அல்ல. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது ஒருவகைச் சுண்ணாம்பு உண்டாகிறது. சுவரில் ஊறும் நீர் அதைக் கரைத்து மேலே கொண்டுவர, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு வெள்ளையாகப் படிகிறது. புதுச் சுவரில் ஒருமுறை பூத்து நின்றுவிட்டால் கவலை வேண்டாம்; உலர்ந்த பிரஷால் தேய்த்தால் போதும். தண்ணீர்த் தொட்டியிலோ தரைக்குக் கீழுள்ள சுவரிலோ ஒரே விரிசலில் திரும்பத் திரும்பப் பூத்தால் அங்கே கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் சுவரைக் கழுவிப் பயனில்லை.

கடலுப்பு செய்யும் கேடு வேறு. வெளியே எதுவும் காட்டாமலே அது உள்ளிருக்கும் கம்பியைத் தாக்கும். நல்ல கான்கிரீட்டின் பி.எச். அளவு 12.5-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு இந்தப் படலத்தை உடைத்துவிடும். அதனால்தான் ஐ.எஸ். 456 தரவிதி, கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது. போர் தண்ணீர் உவர்க்கும் கடலோர ஊர்களில் வீடு கட்டுபவர்கள் முதல் லோடு ஜல்லி இறங்கும் முன்பே தண்ணீரைச் சோதித்துவிட வேண்டும்.

"பழுப்புக் கறைதானே, பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும்" என்பது எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. தனித்தனிப் புள்ளியாக இருந்தால் பெரும்பாலும் மேற்பரப்பில் சிக்கிய கட்டுக்கம்பி நுனியோ ஆணியோதான். கறை கம்பி ஓடும் திசையிலேயே கோடாக இறங்கி, கூடவே விரிசலும் தெரிந்தால் உள்ளே துரு பிடித்துவிட்டது. துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும்; இடமில்லாதபோது கான்கிரீட்டைப் பிளக்கும். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை வந்தால் மேல் கான்கிரீட் கம்பியை விட்டுக் கழன்றிருக்கிறது. அதைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவை முழுக்கச் சுரண்டி, கம்பிக்குக் காப்புப் பூச்சு கொடுத்து, அதற்கென உள்ள பழுதுநீக்கும் கலவையால் நிரப்ப வேண்டும். மேலோட்டமாகப் பூசி மூடினால் உள்ளே அரிப்பு தொடரும்.

இதே மூடிமறைப்பு சென்ட்ரிங் பிரித்த அன்றே தொடங்கிவிடுவதும் உண்டு. ஜல்லி தெரியும் தேன்கூட்டுப் பொத்தல்களின் மேல் என்ஜினீயர் வருமுன் கலவையை அப்பிவிடுகிறார்கள். "பூசிவிட்டால் சரியாகிவிடும்" என்பது உண்மையல்ல. வைப்ரேட்டர் சரியாகப் போடாததாலோ, பலகை இடுக்கில் சிமென்ட் பால் ஒழுகியதாலோ வந்த அந்த ஓட்டைகள் கம்பி வரை காற்றையும் ஈரத்தையும் விடும். தளர்ந்த ஜல்லியை எடுத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

கறுத்த சுவர் வலுவானது, வெளுத்தது சோடை என்பாரும் உண்டு. தண்ணீர் அளவு, சிமென்ட் வகை, பலகை ஈரத்தை உறிஞ்சும் விதம், எல்லாமே நிறத்தை மாற்றும். வலுவைச் சொல்வது, அதே கலவையில் வார்த்து 28-ஆம் நாள் உடைத்துப் பார்க்கும் கான்கிரீட் கியூப்தான். அந்தச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.