கலஞ்செய்வோரும் கூட்டுரிமையும்

தனியொருவர் கைத்திறன் அவரோடு முடிவதுண்டு. பலர் கூடிக் காக்கும் தொழிலோ தலைமுறை கடந்து நிற்கும். கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களைக் குறிக்கிறது. அதில் அரபு எழுத்திலும் சான்றொப்பங்கள் உள்ளன. வணிகர்க்குத் துணைநின்ற இக்கூட்டு முறை, மட்கலம் வனைவோர்க்கு எவ்வாறு உதவும் என்பதை ஈண்டுக் காண்போம்.

சங்க இலக்கியம் குயவரை ‘வேட்கோ’ எனச் சுட்டும். புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் குயவரையே விளித்துப் பாடப்பெற்றவை. அரசன் மறைவையும் கணவனை இழந்தாள் துயரையும் கேட்க அவரை முன்னிறுத்தியது அக்காலப் புலமை.

இன்று ‘பாலிமர் களிமண்’ என்றொரு பொருள் கடைகளில் கிடைக்கிறது. பெயரில் களிமண் இருப்பினும் அது நெகிழிப் பொருளே. வீட்டு அடுப்பின் மிதமான சூட்டிலேயே இறுகிவிடும். மேலைநாடுகளில் அதனை விரும்புவோர் சங்கங்கள் அமைத்து, ஒருவர் அறிந்ததைப் பிறர்க்குக் கற்பிக்கின்றனர். நம் குயவர்க்கோ அறிவுப் பகிர்வு மட்டும் போதாது. ஏரி மண்ணும் சூளைக்கான இடமும் வேண்டும்.

நம் அவலூர்பேட்டையை அடுத்த செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி, செஞ்சியாறு எனவும் வழங்கும். அது புதுச்சேரியைச் சார்ந்த வில்லியனூர் வழியே கடலை அடைகிறது. அவ்வூர்ச் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அவ்வூர்க் கலைஞர் வி.கே. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

விருது ஒருவர்க்கு உரியது; குறியீடு ஊரார்க்கு உரியது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அதனை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். கலைஞர் ஒவ்வொருவரும் தம்மைப் பயனராகப் பதிந்துகொள்ளுதல் வேண்டும். பதியத் தவறின், பெயர் ஏட்டில் இருக்கும். பயன் கைக்கு எட்டாது.

தமிழ்நாட்டிலும் ஏரி, குளங்களில் கட்டணமின்றி மண் எடுக்கும் இசைவை வட்டாட்சியர் வழியே பெறும் முறை 2024இல் எளிதாக்கப்பட்டது. எழுத்தறியா முதியவர் தனியே சென்று விண்ணப்பித்தல் அரிது; குழுவாகச் சென்றால் எளிது.

மாணவ மணிகளே! வேட்கோவைப் பாடத்தில் படிக்கும் நாம், நம் தெருவில் சக்கரம் சுழற்றுவோர்க்கு ஒரு விண்ணப்பமேனும் எழுதித் தருவோம். கற்ற தமிழுக்கு அதுவும் ஒரு பயனன்றோ!