தானே அணையும் கணிப்பொறி: காரணம் காணும் முறை

பட்டணத்துக் கடைகளில் பாகங்களை வாங்கிவந்து வீட்டிலேயே கூட்டிச் சேர்த்த கணிப்பொறிகள் இன்று கிராமங்களிலும் காணப்படுகின்றன. பட்டா விவரம் பார்ப்பதற்கும், மானிய விண்ணப்பம் அனுப்புவதற்கும், பிள்ளைகளின் படிப்பிற்கும் அவை பயன்படுகின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் யந்திரம் யாதொரு அறிவிப்புமின்றித் திடீரென அணைந்துவிடுவது இவற்றில் அடிக்கடி தோன்றும் குறையாகும். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இவ்வாறு நேர்ந்தால் ஏற்படும் நஷ்டத்தை விவசாய அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பழுது பார்ப்பவர் முதலில் ஒரு பாகத்தை மாற்றுகிறார். குறை தீராவிடில் மற்றொன்றை மாற்றுகிறார். சில ஆயிரம் ரூபாய் செலவான பின்னும் யந்திரம் அணைந்துகொண்டேயிருக்கிறது. பூச்சி இன்னதென்று பாராமல் பயிருக்கு மருந்து தெளிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

முதற்கண் செய்யவேண்டியது, கணிப்பொறியின் அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பதே. அணைந்த தேதி, மணி, அப்போது செய்துகொண்டிருந்த வேலை, வெயிலின் கடுமை, வீட்டு விளக்குகள் மங்கினவா, அக்கம்பக்கத்தில் பம்புசெட் ஓடத் தொடங்கியதா என்பவற்றைத் தவறாமல் எழுதிவரவேண்டும். எவ்வாறு அணைந்தது என்பதும் முக்கியம். விளக்கை நிறுத்தியதுபோல் ஒரே நொடியில் இருண்டுவிட்டால் மின்சாரத்தையோ வெப்பத்தையோ ஐயுறலாம். நீலத் திரை தோன்றிப் பின் தானே மீண்டும் தொடங்கினால், நினைவகமோ மென்பொருளோ பெரும்பாலும் காரணமாயிருக்கும். விண்டோஸ் தன் பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்று குறித்துவைப்பதைக் கண்டு, எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டதாகப் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியன்று. யந்திரம் முறைப்படி நிறுத்தப்படவில்லை என்பதை மட்டுமே அக்குறிப்பு தெரிவிக்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

கிராமங்களில் இக்குறைக்கு மின்கம்பியே காரணமாயிருப்பது உண்டு. ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது. நேரடியாகத் தொடங்கும் கணத்திலோ அதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். அதே மின்மாற்றியிலிருந்து இணைப்புப் பெற்ற வீடுகளில் அக்கணம் மின் அழுத்தம் தாழ்கிறது. கணிப்பொறியின் எஸ்.எம்.பி.எஸ். மின்சாரம் தடைப்பட்டால் சுமார் 16 மில்லி நொடி தாக்குப்பிடித்தால் போதுமென்று வகுக்கப்பட்டுள்ளது. நமது மின்சாரத்தின் ஒரு சுற்றுக்கே 20 மில்லி நொடி ஆகிறது. ஆகவே, விளக்கு கண் சிமிட்டியதுகூட நமக்குப் புலப்படாத நேரத்தில் கணிப்பொறி அணைந்துவிடக்கூடும். மீட்டர் பலகையிலோ நியூட்ரல் கம்பியிலோ இணைப்பு தளர்ந்திருந்தாலும் இவ்வாறே நிகழும். அதனை மின்வாரிய ஊழியரைக் கொண்டே சரிசெய்தல் வேண்டும். ஸ்டெபிலைசர் வாங்கிவைப்பது இதற்கு மருந்தாகாது. அதனுள் இருக்கும் ரிலே மாறுவதற்கே நேரம் பிடிக்கும். வேண்டுவது நல்ல நிலையிலுள்ள யு.பி.எஸ்.

யு.பி.எஸ். இருந்தும் அணைகிறதென்றால் அதன் பாட்டரியைப் பார்க்கவேண்டும். வீடுகளில் வைக்கும் சிறிய யு.பி.எஸ்.களில் உள்ள 12 வோல்ட் பாட்டரி மூன்று, நான்கு ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். சுமை தன்மீது விழும் கணத்தில் கைவிட்டுவிடும். வேலைகளையெல்லாம் பத்திரப்படுத்தியபின், சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இனி வெப்பம். பிராசஸரின் சூடு அதற்கென வகுத்த வரம்பை மீறும்போது, தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு யந்திரம் தானே அணைகிறது. கோடையிலும் கனமான வேலைகளின்போதும் மட்டும் அணைவதாக நோட்டுப் புத்தகம் காட்டினால் இதனையே முதலில் ஆராய்க. நெல் தூசியும் பஞ்சுத் தூசியும் காற்றாடியின் பின்னுள்ள அலுமினியத் தகடுகளை அடைத்திருக்கும். வீட்டில் கூட்டிய யந்திரங்களில் வேறொரு குறையும் உண்டு: காற்றாடியைப் பலகையோடு பொருத்தும் நான்கு பிளாஸ்டிக் முனைகளில் ஒன்று சரியாக இறங்காமல் நின்றிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு மூலையைத் தூக்கினால் அசையும். அதனைக் கழற்றினால் பழைய பசையைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிய தெர்மல் பேஸ்ட் இட்டே மீண்டும் பொருத்தவேண்டும்.

கேபினட்டின் பொத்தான் சிக்கிக்கொள்வதும் ஒரு காரணமே. அதனை நான்கு நொடி அழுத்தினால் யந்திரம் அணையும்படி அமைத்திருக்கிறார்கள். பொத்தான் உள்ளேயே நின்றுவிட்டால் நாம் தொடாமலே அது நேரும். யந்திரம் ஓடத் தொடங்கியபின் பொத்தானின் கம்பியை மதர்போர்டிலிருந்து கழற்றிவைத்து ஓரிரு நாள் பார்ப்பது செலவில்லாத சோதனை. மதர்போர்டின் அடியில் வேண்டாத இடத்தில் பித்தளைத் தாங்கி ஒன்று மிகுந்து நின்றாலும் குறுக்குத் தொடர்பு உண்டாகும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்கலாம். கனமான வேலை நடக்கும்போது அளந்தாலன்றி அவ்வளவினால் பயனில்லை. கணநேரத் தாழ்வை மல்டிமீட்டர் காட்டாதாகையால், நல்லதென்று தெரிந்த ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பதே உறுதியான வழி. எக்காரணங்கொண்டும் அப்பெட்டியைத் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் 300 வோல்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கு ஆபத்து. கேபினட்டைத் தொடும்போது சுருக்கென்று தைத்தால் நில இணைப்பு இல்லையென்று அறிந்து, மற்றெல்லாவற்றிற்கும் முன்னர் அதனைச் செய்துகொள்ளவேண்டும்.

நினைவகப் பலகைகள் இரண்டிருந்தால் ஒன்றைக் கழற்றி ஒரு வாரமும், மாற்றிப் போட்டு ஒரு வாரமும் ஓட்டிப் பார்க்கலாம்.

எதைச் செய்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றி, அதனை நோட்டுப் புத்தகத்தில் குறிக்கவேண்டும். வாரம் ஒருமுறை அணைந்த யந்திரம் இரண்டு நாள் ஓடியதைக்கொண்டு குறை நீங்கியதாகக் கருதலாகாது. மூன்று வாரமாவது பார்க்கவேண்டும். குற்றமுள்ள பாகம் இன்னதென்று தெரிந்தபின் அதன் ரசீதைத் தேடி எடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால், அந்தக் குறிப்புப் புத்தகத்தையும் உடன் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டி மாற்றித் தரும்படி கேட்கலாம்.