சாய்கோடும் சிம்லிங்க்கும்

கேள்வி: டேட்டா ஃபோல்டரை கிட் கண்டுகொள்ளாமல் இருக்க, கிட்இக்னோரில் ‘டேட்டா/’ என்று போட்டிருந்தேன். இடம் போதாமல் ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு மாற்றி, பழைய இடத்தில் அதே பெயரில் சிம்லிங்க் வைத்தேன். இப்போது கிட் ஸ்டேட்டஸ் கொடுத்தால், அன்ட்ராக்டு பட்டியலில் ‘டேட்டா’ வந்து நிற்கிறது. இது கிட்டின் பிழையா?

பதில்: பிழை இல்லை. வரியின் கடைசியில் இருக்கும் சாய்கோடுதான் காரணம். சாய்கோட்டில் முடியும் விதி ஃபோல்டருக்கு மட்டும்தான். அதே பெயரில் சாதாரணக் கோப்போ சிம்லிங்க்கோ இருந்தால் பொருந்தாது என்று கிட்டின் ஆவணமே சொல்கிறது. லிங்க்கின் மறுமுனையில் ஃபோல்டர் இருப்பதை கிட் கணக்கில் எடுப்பதே இல்லை. லிங்க்கைச் சேர்த்தால், அது காட்டும் பாதையின் எழுத்துகள் மட்டும் ஒரு சின்ன பிளாப்பாகப் பதிவாகும். சாதாரணக் கோப்புக்கு 100644 என்று விழும் மோட் எண், இதற்கு 120000. உங்கள் தரவில் ஒரு பைட்கூட உள்ளே போகாது. ‘டேட்டா’வுக்குள் இருக்கும் கோப்பைப் பெயர் சொல்லிச் சேர்க்கப் பார்த்தாலும், அது சிம்லிங்க்குக்கு அப்பால் இருக்கிறது என்று கிட் மறுத்துவிடும்.

மறுமுனையை எட்டிப் பார்த்து முடிவெடுத்தால் என்ன குறை என்று கேட்கலாம். அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டால்? காலையில் ‘ஃபோல்டர்’ என்று விலக்கப்பட்டது மாலையில் அறுந்த லிங்க்காகப் பட்டியலில் ஏறும். விதி மாறவில்லை, ரெப்போவும் மாறவில்லை, விடை மட்டும் மாறுகிறது. ரெப்போவுக்கு வெளியே இருப்பதை நம்பி உள்ளே இருப்பதைத் தீர்மானிக்கும் கருவியை எப்படி நம்புவது? பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. 2024 மே மாதம் சரிசெய்யப்பட்ட சிவிஇ-2024-32002 என்ற ஓட்டையில், பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் பார்க்காத ஃபைல் சிஸ்டங்களில் கிட்டை ஏமாற்றி, சிம்லிங்க் வழியே அதன் சொந்த டாட்கிட் ஃபோல்டருக்குள்ளேயே எழுதவைக்க முடிந்தது. சப்மாட்யூல்களோடு குளோன் செய்தாலே அந்நிய நிரல் ஓடிவிடும் நிலை இருந்தது. லிங்க் விஷயத்தில் கிட் காட்டும் கறார் அவசியமானது என்றே சொல்வேன்.

சாய்கோட்டை எடுத்துவிட்டால் விதி லிங்க்குக்கும் பொருந்தும். ஆனால் ‘டேட்டா’ என்ற பெயரில் வரும் சாதாரணக் கோப்பும் மறைந்துவிடுமே என்றால், உண்மைதான். அதனால் பொதுவான கிட்இக்னோரைத் தொடாதீர்கள். லிங்க் உங்கள் கணினியில் மட்டும் இருப்பதால், டாட்கிட் ஃபோல்டருக்குள் இன்ஃபோ/எக்ஸ்க்ளூட் கோப்பில் ‘/டேட்டா’ என்று எழுதுங்கள். முன்னால் வரும் சாய்கோடு, ரெப்போவின் மேல்மட்டத்தில் இருப்பதை மட்டும் குறிக்கும். அதுவரை கிட் ஆட் புள்ளி வேண்டாம். லிங்க் கமிட்டில் ஏறினால் மற்றவர்களுக்கு அறுந்த லிங்க்தான் கிடைக்கும். சிம்லிங்க் வசதி அணைந்திருக்கும் விண்டோஸில் பாதை எழுதிய வெறும் டெக்ஸ்ட் கோப்பாக இறங்கும். எக்ஸ்க்ளூடில் எழுதும் முன் கிட் கிளீன் -எஃப் கொடுத்தாலும் லிங்க் போய்விடும். ஃபோல்டரை நீக்கத் தேவைப்படும் -டி இதற்கு வேண்டியதில்லை. மறுமுனையில் உள்ள தரவுக்கு ஒன்றும் ஆகாது.