கூட்டுக்காணியும் பங்காளியும்

அன்புள்ள தம்பி,

போன சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி வாசலில் நீர் கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது. ஈஸ்ட்ஹாமில் வாடகைக்கு விட ஒரு பிளாட், பாதிக்காசு உம்முடைய சித்தப்பா மகனுடையது. "சொந்தத்துக்குள்ளே எழுத்து எதுக்கு, சேர்?" என்றீர். எத்தனையோ பேர் சொல்லிக் கேட்ட கதை. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும்.

சித்தப்பா மகனைத் தமிழ்நாட்டில் பங்காளி என்பார்கள். பகையாளி என்ற சொல்லும் பின்னாலேயே வரும். யாழ்ப்பாணத்தில் எல்லைவேலி வழக்குகள் யாருக்கிடையில் நடந்தன? பெரும்பாலும் சொந்தத்துக்குள்ளேதான். நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். நேற்றிரவு எச். டபிள்யூ. தம்பையா யாழ்ப்பாணத் தமிழர் சட்டம் பற்றி எழுதிய நூலை எடுத்து வைத்துக்கொண்டு விடிய விடிய இருந்தேன். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் அந்தச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தார். 1707இல் பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். அதன்படி கூட்டுக்காணிக்காரன் தன் பங்கை விற்க நினைத்தால் முதலில் மற்றப் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும், வாங்கும் முன்னுரிமை அவருக்கே. 1947இல் இதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. பிரிவைப் பற்றி முன்கூட்டியே யோசித்த வழமை இது.

லண்டனில் அந்தப் பாதுகாப்பு தானாக வராது. நீங்கள்தான் எழுதிவைக்க வேண்டும். உடன்படாவிட்டால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் நீதிமன்றம் போய் விற்பனை கேட்கலாம். 2008இல் தீர்ந்த லஸ்கர் வழக்கைப் பாரும். தாயும் மகளும் சேர்ந்து வாங்கி வாடகைக்கு விட்ட வீடு. இருவர் பெயரிலும் இருந்தும் சரிபாதி கிடைக்கவில்லை. போட்ட காசைக் கணக்கிட்டு மகளுக்கு 33 சதவீதம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். தாய்க்கும் மகளுக்குமே அப்படியென்றால்?

ஆகவே சித்தப்பா மகனோடு ஒருநாள் இருந்து, விலை பேசுமுன் விலகலைப் பேசும். அவர் வேலையிழந்தால் வங்கி முழுக்கடனையும் உம்மிடமே கேட்கலாம். அப்போது என்ன செய்வீர்கள்? ஒருவர் இறந்தால் பங்கு பிள்ளைகளுக்கா, மற்றவருக்கா? கடன்வரலாற்று அறிக்கையை இருவரும் மேசையில் வையுங்கள். அவர் முகம் சுளித்து, "என்னை நம்பவில்லையா?" என்றால் அந்த ஆள் வேண்டாம் தம்பி. பேனாவை எடுத்தாரானால் பேசியதை ஒரு தாளில் எழுதி, அடுத்த சனிக்கிழமை இருவரும் அதோடு என் வீட்டுக்கு வாருங்கள். பிறகு ஆளுக்கொரு சொலிசிட்டரிடம் காட்டலாம்.

அன்புடன்,
உம் ஆசிரியர்