குளிர்காலத்தில் வயலினைக் காப்போம்

சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வயலின் கற்ற மாணவி ஒருவர், மேற்படிப்புக்காகக் கனடாவின் டொராண்டோ நகருக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஜனவரி மாதம். வெளியே உறைபனி, அறைக்குள் வெப்பமூட்டியின் இதமான சூடு. ஒருநாள் காலையில் வயலின் பெட்டியைத் திறந்தவர் திகைத்துப்போகிறார். தந்திகளை முறுக்கும் பிரடைகள் தளர்ந்திருக்கின்றன. தந்திகள் தொய்ந்து கிடக்கின்றன. வயலினின் ஓரத்தில் மெல்லிய இடைவெளியும் தெரிகிறது. கதகதப்பான அறையில் பத்திரமாக வைத்த வயலினுக்கு ஏன் இந்த நிலை?

இதற்குக் குளிரைவிட வறண்ட காற்றே முக்கியக் காரணம். குளிர்ந்த காற்றில் நீராவி மிகக் குறைவு. உறைநிலைக்குக் கீழ் 10 டிகிரி செல்சியஸில் உள்ள காற்று, அறைக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். சிங்கப்பூரிலோ ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். ஈரக்காற்றில் மரம் விரியும். வறண்ட காற்றில் சுருங்கும்.

வயலினின் முன்பலகை ஸ்புரூஸ் மரத்தாலும் பின்பலகை மேப்பிள் மரத்தாலும் செய்யப்படுகின்றன. அவற்றின் ஓரங்களை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையால் ஒட்டுவார்கள். மரம் சுருங்கும்போது பலகை பிளப்பதற்கு முன் ஒட்டு பிரியவேண்டும் என்பதே இதன் நோக்கம். பிரிந்த ஒட்டை மீண்டும் ஒட்டுவது எளிது. பிளந்த பலகையைச் சீர்செய்வது கடினம். ஆகவே, ஓரம் பிரிந்தால் கடைப் பசையால் நாமே ஒட்டக்கூடாது. அந்த வலிய பசை விட்டுக்கொடுக்காது. அடுத்த முறை பலகையே பிளக்க நேரிடும். இசைக்கருவிகளைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே சரி.

வருமுன் காக்கும் வழிகளும் உண்டு. அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு வரை இருப்பது நல்லது. அதை அளக்க ஈரப்பதமானியும், காற்று வறண்டால் ஈரப்பதமூட்டியும் உதவும். வெப்பமூட்டியின் அருகிலோ காரிலோ வயலினை வைக்கக்கூடாது. வெளியிலிருந்து வந்தவுடன் பெட்டியைத் திறக்காமல், அது மெல்ல அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும்.

இத்தாலியின் கிரெமோனா நகரில் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்கள், ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின்னரும் மேடைகளில் ஒலிக்கின்றன. அவற்றைச் செய்தவரின் திறமை மட்டுமன்று, தலைமுறை தலைமுறையாகப் பேணியவர்களின் அக்கறையும் அதற்குக் காரணம். நம் கையில் உள்ள இசைக்கருவியும் அதே அக்கறைக்கு உரியதுதானே?