வாளையாற்றுக் கல்லில் சிப்பி தேடலாமா?

நம்பிக்கை: சுண்ணாம்புக்கல் என்றாலே உள்ளே புதைபடிவம் இருக்கும், தூளைப் பீய்ச்சும் காற்றுக் கருவியால் மேல்தோலை உரித்தால் வெளிவரும்.

உண்மை: பாலக்காட்டு எல்லையில் வாளையாற்றிலும், கோவைப் பக்கம் மதுக்கரையிலும் சிமென்ட்டுக்காக வெட்டுவது சுண்ணாம்புக்கல்தான். ஆனால் அது 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமிக்கடியில் வெந்து, நசுங்கி, படிகமாகிவிட்டது. இடுக்கி மலைகளின் சார்னோகைட், நைஸ் பாறைகளும் அப்படித்தான். கருவியைப் பிடித்தால் கல் தேயும், அவ்வளவே. பாறைப் பிளவில் பெரணி இலைபோலத் தெரியும் கறுப்புக் கோலம்கூடப் பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடு படிந்த தடம். தூள் பட்டதும் அதுவும் அழிந்துபோகும். சிப்பி வேண்டுமானால் கிழக்கே அரியலூருக்குத்தான் போக வேண்டும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது.

நம்பிக்கை: அழுக்கை நீக்குவது காற்று.

உண்மை: காற்று வெறும் வாகனம். நுண்ணிய நாசில் வழியே பாயும் தூள்தான் அரிக்கிறது. 1940களில் அமெரிக்கப் பல் மருத்துவர் ராபர்ட் பிளாக் சொத்தைப் பல்லைக் குடைய உருவாக்கிய உத்தி இது. பிறகுதான் புதைபடிவக் கூடங்களுக்கு வந்தது. கம்ப்ரசர் காற்றில் ஈரம் இருந்தால் தூள் கட்டிதட்டி நாசில் அடைத்துக்கொள்ளும். ஜூன், ஜூலை மழையில் டிரையர் இல்லாமல் வேலை ஓடாது.

நம்பிக்கை: தூள் கடினமாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

உண்மை: புதைபடிவமும் சீக்கிரம் முடிந்துபோகும். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் சிப்பியின் கால்சைட் 3, அலுமினியம் ஆக்சைடு 9. சமையல் சோடா சுமார் 2.5, அதனால் சிப்பி ஓட்டில் ஒட்டிய களிமண்ணைக் கழற்ற முதலில் அதைத்தான் எடுப்பார்கள். மண் அசையாவிட்டால் அடுத்தது டோலமைட் தூள், சுமார் 3.5 முதல் 4 வரை. அது சிப்பியைவிடச் சற்றே கடினம் என்பதால் ஓரத்தில் ஓரிடத்தில் சோதித்துவிட்டு, நாசிலைச் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கியில் பார்த்தபடி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்வார்கள்.

நம்பிக்கை: மண்ணிலிருந்து எடுத்த எலும்பை உடனே சுத்தம் செய்யலாம்.

உண்மை: 1980களின் இறுதியில் விவரிக்கப்பட்ட புருகத்காயோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் அரியலூர் அருகே கல்லமேட்டில் கிடைத்தவை. அவை பின்னர் தாமாகவே நொறுங்கி அழிந்தன. இத்தகைய எலும்புக்கு முதலில் அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற பிசினை ஊட்டி இறுக்க வேண்டும். தூள் அதற்குப் பிறகுதான்.

நம்பிக்கை: சமையல் சோடாதானே, முகமூடி எதற்கு?

உண்மை: பறப்பது சோடா மட்டுமல்ல, உடையும் கல்லும்தான். மணற்கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயை வரவழைக்கும். கைகளை நுழைக்க இரு துளைகளும் மேலே கண்ணாடியும் கொண்ட மூடிய பெட்டி, அதோடு இணைந்த தூசி உறிஞ்சி, முகத்தில் பொருந்தும் வடிகட்டி முகமூடி மூன்றும் கட்டாயம்.